சிக்காகோவின் சிறுதானிய விஸ்கியைத் திருகோணமலைச் சூட்டில் எப்படிச் சுவைப்பது?

தம்பலகாமத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டது: "சிக்காகோவில் இருக்கிற மச்சான், கோவல் என்ற சிறிய வடிசாலையின் மில்லட் விஸ்கி ஒரு போத்தல் கொண்டுவந்து தந்தார். முழுக்க முழுக்கச் சிறுதானியமாம். ஒரு வாய் குடித்தேன், மூக்கில் ஸ்பிரிட் அடித்ததைத் தவிர ஒன்றும் விளங்கவில்லை. இது உண்மையிலே விஸ்கிதானா? மில்லட் என்றால் எங்கட குரக்கனா? இதை எப்படிக் குடிப்பது?"

தம்பி, முதல் வாயில் ஒன்றும் விளங்காமல் போனதற்குப் போத்தலைக் குறை சொல்லாதீர்கள், உங்கள் நாக்கையும் குறை சொல்லாதீர்கள். ஊர்ச் சூடுதான் காரணம். நான் இருபது வருசத்துக்கு மேல் உப்புவெளி, நிலாவெளிப் பக்க ஹோட்டல் பார்களில் நின்றவன். எனக்கே இந்தப் போத்தலிடம் முதல்நாள் தோல்விதான்.

போன ஆடி மாதம். கச்சான் காற்று அடித்து ஊரே உலர்ந்து கிடந்த ஒரு பின்னேரம், வீட்டு விறாந்தையில் நாலு பேர் இருந்தோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், கொட்டியாரக்குடாவில் வள்ளம் வைத்திருக்கிற சிநேகிதர், என் மைத்துனர், நான். போத்தல் மத்தியானத்தில் இருந்து மேசையிலேயே இருந்தது. ஊற்றி மூக்குக்குக் கொண்டுபோனால் நாலு பேருக்கும் கண்ணில் தண்ணீர். "ஊசி போடமுதல் பஞ்சால துடைப்பாங்களே, அந்த மணமடா இது" என்றார் வாத்தியார். வள்ளக்காரர் ஒன்றும் பேசாமல் ஜிஞ்சர் பியரை எடுத்துக் கிளாஸ் நிறைய ஊற்றிவிட்டார். பிறகு கணவாய் டெவல் வந்தது. அத்தோடு அன்றைய ஆராய்ச்சி முடிந்தது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. 20 பாகை செல்சியசில் அற்ககோல் எவ்வளவு ஆவியாக எழும்புமோ, 35 பாகையில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே எழும்பும். ஸ்கொட்லாந்துக்காரர் "அறை வெப்பநிலையில் குடியுங்கள்" என்று சொல்வது அவருடைய அறையை வைத்து. எங்கள் அறையில் ஆடி மாதம் 34, 35 பாகை. ஊற்றின உடனே கிளாசுக்கு மேலே அற்ககோல் ஒரு மூடி போல நிற்கும். அதன் கீழே இருக்கிற தானியத்தின் மணம் மூக்குக்கு வராது. எப்படிக் குளிர்த்துவது என்று பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் மற்றக் கேள்விகள்.

விஸ்கிதான், சந்தேகமே வேண்டாம். அமெரிக்கச் சட்டத்தில் விஸ்கி என்றால் தானியத்தை ஊறவைத்துப் புளிக்கவைத்து, 95 சதவீதத்துக்குக் குறைந்த செறிவில் வடித்து, ஓக் மரத்தில் வைத்து, 40 சதவீதத்துக்குக் குறையாமல் போத்தலில் அடைத்தது. எந்தத் தானியம் என்று கட்டாயம் இல்லை. பேர்பன் என்று பெயர் வைக்கத்தான் 51 சதவீதமாவது சோளம் வேண்டும். ஐரோப்பாவில் குறைந்தது 3 வருசம் மரத்தில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஆனால் தானியம் என்பது இந்த இரண்டு இடத்திலும் அடிப்படை. இந்தியாவில் கரும்புக் கழிவுப்பாகில் வடித்த ஸ்பிரிட்டுக்கு மணமும் நிறமும் சேர்த்து விஸ்கி என்று விற்பார்கள். ஐரோப்பியக் கணக்கில் அது விஸ்கியே இல்லை. உங்கள் கையில் இருக்கிற சிறுதானியச் சரக்கு அதைவிட எத்தனையோ மடங்கு விஸ்கி.

"கிரெய்ன் விஸ்கி, அதாவது தானிய விஸ்கி, என்றால் மட்டச் சரக்கு" என்று ஒரு பேச்சு உண்டு. பாருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அப்படித்தான் நம்பிக்கொண்டு வருவார்கள். அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1830 இல் ஈனியஸ் கோஃபி என்பவர் தொடர்ந்து ஓடுகிற உயரமான வடிகலம் ஒன்றுக்குக் காப்புரிமை எடுத்தார். அதில் சோளம், கோதுமை என்று எதைப் போட்டாலும் மலிவாக, மணம் குறைந்த ஸ்பிரிட்டை ஆறாக ஓடவிடலாம். மோல்ட் பார்லியை (முளைக்கவைத்துக் காயவைத்த பார்லி) செப்புப் பானையில் வடித்தவர்கள், இதெல்லாம் விஸ்கியா என்று கொதித்தார்கள். 1905, 1906 இல் லண்டன் இஸ்லிங்டனில் வழக்கு நடந்து, இரண்டையும் கலந்து விற்ற கடைக்காரர்களுக்கு எதிராகத் தீர்ப்பும் வந்தது. பிறகு அரச ஆணைக்குழு ஒன்று அமைத்து, 1909 இல் இரண்டும் விஸ்கிதான் என்று முடித்துவைத்தார்கள். "கிரெய்ன்" என்ற சொல்லில் ஒட்டின அழுக்கு அந்தச் சண்டையின் மிச்சம். சிறு வடிசாலைக்காரர் இன்று "கிரெய்ன்" என்று சொல்லும்போது கருத்து நேர்மாறு. தானியத்தின் மணத்தைக் கழுவி எடுக்கிறவர்கள் இல்லை, அதைக் காப்பாற்றப் பார்க்கிறவர்கள்.

கோவல் வடிசாலையை 2008 இல் ரொபர்ட், சொனாட் பிர்னெக்கர் என்ற கணவன் மனைவி தொடங்கினார்கள். கணவர் ஒஸ்ரியாக்காரர். அவருடைய தாத்தா வீட்டிலே பழங்களில் சாராயம் வடித்த குடும்பம். பழம் வடிக்கிறவனுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும்: பேரிக்காயில் வடித்தால் பேரிக்காய் தெரியவேண்டும். அதே கண்ணோடுதான் இவர்கள் ரை, ஓட்ஸ், மில்லட் என்று ஒவ்வொரு தானியத்தையும் தனித்தனியாக வடித்துப் பார்த்தார்கள். முதல் வடியையும் கடை வடியையும் ஒதுக்கி, நடு வடியை மட்டும் எடுப்பதைத் தங்கள் முத்திரையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். எல்லாரும் செய்கிற வேலைதான் அது. எவ்வளவு இறுக்கமாக வெட்டுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். (எங்கள் பக்கத்துக் கசிப்புக்காரர் இந்த வெட்டு ஒன்றையும் செய்வதில்லை. முதல் சொட்டில் இருந்து கடைசிச் சொட்டு வரை எல்லாம் ஒரே கேனுக்குள்.)

அடுத்தது குரக்கன். தம்பி, மில்லட் என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் நாங்கள் தனித்தனிப் பெயர் வைத்திருக்கிற ஒரு கூட்டமே ஒளிந்திருக்கிறது. குரக்கன், தினை, சாமை, வரகு, கம்பு, பனிவரகு. இதெல்லாம் ஒன்று என்று குச்சவெளிப் பக்கம் சேனை செய்த ஒரு கிழவிக்கு முன்னால் சொன்னீர்களென்றால் அகப்பையால் அடி விழும். அமெரிக்காவில் மனிதர் உண்ண விளைகிற மில்லட் பெரும்பாலும் பனிவரகு, சிங்களத்தில் மெனேரி என்பார்கள். கொலராடோ, நெப்ராஸ்கா, தென் டக்கோட்டாப் பக்கம் அது விளைகிறது. ஆகவே குரக்கனின் அந்தக் கறுத்த, மண் கலந்த வாசனையை இந்தப் போத்தலில் தேடாதீர்கள். தினை மாவுக்கும் சாமைச் சோற்றுக்கும் கிட்டிய, மெல்லிய இனிப்பைத் தேடுங்கள். என் வாத்தியார் நண்பர் குரக்கனைத் தேடித்தான் முதல்நாள் ஏமாந்தார்.

குரக்கனை வடிக்கிறவர்களும் இல்லாமல் இல்லை. நேபாளத்தில் அதைக் கோதோ என்பார்கள். அதைப் புளிக்கவைத்து வடிப்பது ரக்சி. புளித்த தானியத்தை மரக்குவளையில் போட்டுச் சுடுதண்ணீர் ஊற்றி, மூங்கில் குழாயால் உறிஞ்சுவது தொங்பா. சீனத்தின் பைஜியூ என்ற சாராயத்துக்கு இறுங்குச் சோளம் மூலம். ஆகவே சிக்காகோக்காரர் செய்தது உலகம் காணாத புதுமை என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். புதிதாக அவர்கள் செய்தது, சிறுதானியத்தை முழுக்க எடுத்து, உள்ளே எரித்த புது ஓக் பீப்பாவில் வைத்தது.

பார்லியை விட்டு வேறு தானியத்துக்குப் போகிறவனுக்கு ஒரு தொல்லை உண்டு. மாப்பொருள் இனிப்பாக மாறினால்தான் ஈஸ்ட் அதைத் தின்னும். முளைத்த பார்லியில் அதை மாற்றுகிற நொதியம் தாராளமாக இருக்கிறது. மற்றத் தானியங்களில் அவ்வளவு இல்லை, அதனால் வடிசாலைகள் கொஞ்சம் மோல்ட் பார்லி சேர்ப்பார்கள், அல்லது நொதியத்தை வாங்கிப் போடுவார்கள். குரக்கன் இதில் கெட்டிக்காரத் தானியம். பிள்ளைக்குக் குரக்கன் கூழ் காய்ச்சுகிற அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். முளைக்கவைத்து, காயவைத்து இடித்த மாவில் காய்ச்சினால் கூழ் தண்ணியாக நிற்கும், சீனி போடாமலே கொஞ்சம் இனிக்கும். பச்சை மாவில் காய்ச்சினால் களி மாதிரி இறுகும். முளையில் இருக்கிற நொதியம் மாப்பொருளை வெட்டுவதால் வருகிற வித்தியாசம் அது. வடிசாலையின் பெரிய தொட்டிக்குள் நடப்பதும் அதே காரியம். இதைப் படித்துவிட்டு வீட்டில் பானை வைக்க வெளிக்கிடாதீர்கள். 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

இனி மரம். இதைப் பற்றிப் பேசத்தான் எனக்கு விருப்பம் கூட.

உங்கள் போத்தலின் நிறம் முழுக்க மரத்தில் இருந்து வந்தது. வடித்து எடுக்கும்போது எந்த விஸ்கியும் தண்ணீர் நிறம்தான். வனிலா மணம், எரிந்த சீனி மணம், கராம்பு போல ஒரு காரம், இவற்றில் பெரும்பங்கு எரித்த ஓக்கின் கைவேலை. அமெரிக்க வெள்ளை ஓக்கில் லக்டோன் என்ற ஒரு பொருள் தூக்கலாக இருக்கிறது, அது அப்படியே தேங்காய் மணக்கும். எங்கள் ஆட்கள் பேர்பனை மணந்துவிட்டு "தென்னஞ் சாராயம் மாதிரி இருக்கே" என்பது அதனால்தான். உண்மையில் தென்னஞ் சாராயத்தில் தேங்காய் மணம் இருக்க நியாயமே இல்லை. கள்ளு வருவது பாளையில் இருந்து, தேங்காயில் இருந்து இல்லையே.

கோவல் பயன்படுத்துவது 30 கலன் பீப்பா, சுமார் 114 லீற்றர். வழக்கமான அமெரிக்கப் பீப்பா 53 கலன், 200 லீற்றர். பீப்பா சிறுத்தால் ஒரு லீற்றருக்குக் கிடைக்கிற மரப்பரப்பு கூடும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இங்கே ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். மரம் சீக்கிரம் பேசத் தொடங்கிவிடும். சிறு வடிசாலைச் சரக்குகளில் எனக்குள்ள பெரிய குறையும் அதுதான். பல வடிசாலைகள் இன்னும் சின்னப் பீப்பாவில் வைத்து, பலகை நக்கியது போல ஒரு துவர்ப்போடு போத்தலில் அடைத்துவிடுகின்றன. இந்த மில்லட் விஸ்கி அந்தக் குழிக்குள் முழுக்க விழவில்லை. ஓரத்தில் நிற்கிறது என்பேன்.

எங்கள் ஊர் மரத்தின் கதையை இங்கே சொல்லாமல் போகமுடியாது. இலங்கையில் தென்னஞ் சாராயத்தைப் பழக்கிவைக்கிற மரம் ஹல்மில்ல. தமிழில் சவண்டலை. ஆங்கிலேயர் அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? திருகோணமலை மரம். எங்கள் துறைமுகத்தால் ஏற்றப்பட்டதால் வந்த பெயர். சென்னைக் கரையில் அலையை உடைத்துக்கொண்டு போன மசூலாப் படகுகளுக்கும் இந்த மரத்தைத்தான் தேடினார்கள். தாவரவியலில் அதன் பெயரான பெரியா என்பது, சென்னையில் இருந்த அன்ட்ரூ பெரி என்ற வைத்தியரின் நினைவாக வந்தது. இப்போது கோணேசர் கோயில் பாதையில் மான் பார்க்க வருகிற பெடியளிடம் திருகோணமலை மரம் என்று கேட்டால் முழிப்பார்கள்.

சவண்டலை ஓக் மாதிரி வாயாடி மரம் இல்லை. பெரிய தொட்டிகளாகச் செய்து, வருசக்கணக்காகத் திரும்பத் திரும்ப நிரப்புவார்கள். சாராயத்தின் முரட்டுத்தனத்தை அடக்கும், தன் கதையை அதிகம் சொல்லாது. நல்ல பழைய தென்னஞ் சாராயத்தில் (எத்தனோல் கலக்காததைச் சொல்கிறேன்) பாளையின் பூ மணமும் கொஞ்சம் புளிப்பும் முன்னுக்கு நிற்பது அதனால்தான். மரம் அடங்கி நிற்க மூலப்பொருள் பேசுகிற பானத்தில் பழகின நாக்கு உங்களுடையது, தம்பி. பேர்பனிலேயே வளர்ந்த ஒருவனுக்கு இந்த மில்லட் விஸ்கியில் ஓக்குக்குப் பின்னால் இருக்கிற தானியத்தைக் கண்டுபிடிக்க நேரம் எடுக்கும். உங்களுக்கு எடுக்காது. சூட்டைக் கொஞ்சம் தணித்தால் போதும்.

சரி, எப்படிச் செய்வது. போத்தலைப் பிரிட்ஜின் கதவுத் தட்டில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வையுங்கள். உறைபெட்டியில் வேண்டாம். அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் மணமே எழும்பாது, இனிப்பு மட்டும் நாக்கில் ஒட்டும். 20 பாகைக்குக் கிட்ட வந்தால் சரி, போத்தலைத் தொட்டால் குழந்தைக்கு வார்க்கிற தண்ணீரைவிட நன்றாகவே குளிர்வாக இருக்கவேண்டும். வாய் ஒடுங்கின கிளாஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பழைய வைன் கிளாஸ் போதும். அகன்ற தம்ளர் சரிவராது. ஊற்றுவது 20 மில்லிலீற்றருக்கு மேல் வேண்டாம். மின்விசிறியை நிறுத்துங்கள், அது மணத்தை அள்ளிக்கொண்டு போய்விடும். வியர்க்கும்தான், ஐந்து நிமிடம் பொறுக்கலாம்.

இரண்டாம் நாள் நான் இன்னொரு வேலையும் செய்தேன். ஊற்றமுதல் ஒரு பிடி தினையைத் தாச்சியில் வெறுமனே வறுத்து, ஒரு சின்னத் தட்டில் எடுத்து மேசைக்குக் கொண்டுவந்தேன். முதலில் எல்லாரும் அதை மணந்தார்கள். பிறகுதான் கிளாஸ். வாத்தியாரின் முகம் மாறினது நன்றாக ஞாபகம் இருக்கிறது. "மா வறுக்கிற வீட்டுக்குப் பக்கத்து வளவில நிக்கிற மாதிரி இருக்கு" என்றார். இதைவிடச் சரியாக நான் எந்தப் போத்தல் மட்டையிலும் படித்ததில்லை.

என் வாய்க்குப் பட்டதைச் சொல்கிறேன். மூக்கில் முதலில் வனிலா, பிறகு காய்ந்த வைக்கோல், கொஞ்சம் பூ. வாயில் வைத்தால் எதிர்பார்த்ததைவிட மெல்லிசு. பேர்பன் போலத் தடித்த இனிப்பு இல்லை. நடு நாக்கில் வறுத்த தினையும் எள்ளுப்பாகும், அதற்குப் பின்னால் கச்சான் கொட்டையின் செந்தோலைக் கடித்தது போல ஒரு துவர்ப்பு. அந்தத் துவர்ப்பு மரமா தானியமா என்று மைத்துனரும் நானும் இன்னும் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறோம். நான் மரம் என்கிறேன். விழுங்கின பிறகு மணம் நீளமாக நிற்காது, சட்டென்று போய்விடும். விலைக்கு அது ஒரு குறைதான். நூற்றுக்கு எழுபது கொடுப்பேன். அந்த எழுபதில் முக்கால்வாசி நடு நாக்குக்கு.

தண்ணீர் சேருங்கள், வெட்கப்படாமல் சேருங்கள். 2017 இல் சுவீடனின் லினேயஸ் பல்கலைக்கழகத்தில் இருவர் கணினியில் கணித்துக் காட்டினார்கள்: அற்ககோல் செறிவு குறையும்போது குவாயகோல் என்ற மணப்பொருள் திரவத்தின் மேற்பரப்புக்கு வந்து சேர்கிறது. குவாயகோல் புகை மணம் தருகிற பொருள், ஸ்கொச்சில்தான் அது கூடுதலாக இருக்கும். ஆனால் இந்த விஸ்கியிலும் தண்ணீர் வேலை செய்தது. இது 40 சதவீதத்தில் வருகிறது, ஆகவே ஒரு தேக்கரண்டிக்கு மேல் தாங்காது. அரைத் தேக்கரண்டியில் பூ மணம் முன்னுக்கு வந்தது. ஒன்றரை ஊற்றின வள்ளக்காரர் மழையில் நனைந்த வைக்கோல் என்றார். கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிப் பார்ப்போமா என்று ஒருவர் கேட்டார், பெயர் சொல்லவில்லை. குளோரின் மணக்காத, ஆறவைத்த கொதிநீர் போதும்.

ஐஸ் வேண்டாம். ஜிஞ்சர் பியர் சாராயத்துக்குப் பொருத்தம், அதில் மறுபேச்சில்லை. ஆனால் இவ்வளவு மெல்லிய சரக்கை அதில் போட்டால் இஞ்சிதான் மிஞ்சும். கடிப்பதற்கு டெவல், மிளகாய், எலுமிச்சை எதுவும் கூடாது. உப்புப் போடாமல் வறுத்த கச்சான், அல்லது ஒரு துண்டு தொதல். தொதலோடு வைத்துப் பார்க்கச் சொன்னது என் மனைவி. அவர் ஒரு சொட்டும் குடிக்கிறவர் இல்லை, ஆனால் மணந்து பார்த்துவிட்டுச் சரியாகச் சொன்னார்.

இன்னும் ஒன்று, கிளாசைக் கழுவாமல் வையுங்கள். இரவு கவிழ்க்காமல் மேசையில் விட்டுவிட்டு, காலையில் தேத்தண்ணிக்கு முன் மணந்து பாருங்கள். அற்ககோல் முழுக்கப் பறந்திருக்கும். பாரில் புதுப் போத்தல் வரும்போது நான் நம்பினது இந்த வெறுங் கிளாசைத்தான். மட்டமான சரக்கு என்றால் காலையில் பசை மணக்கும், அல்லது ஒன்றுமே மணக்காது. இதில் மரம், சீனி, அதற்கு அடியில் உமி போல ஒன்று மிஞ்சி இருந்தது.

மிச்சப் போத்தலை நிமிர்த்தி, அலுமாரிக்குள் வையுங்கள், படுக்கப் போட்டால் தக்கையை அற்ககோல் தின்றுவிடும். ஜன்னலோரம் வேண்டாம். எங்கள் சூட்டில், பாதிக்குக் கீழே இறங்கின போத்தல் மூன்று, நாலு மாதத்தில் மணத்தை இழக்கத் தொடங்கும். மூன்றில் ஒரு பங்குக்கு வந்தால் சின்னப் போத்தல் ஒன்றுக்கு மாற்றி, வாய் வரை நிரப்பி மூடிவிடுங்கள். நான் இருமல் பாணிப் போத்தல் ஒன்றை நன்றாகக் கழுவி மாற்றினேன். எவ்வளவு கழுவியும் துளசி போகவில்லை. ஆகவே அதை மட்டும் செய்யாதீர்கள்.

மச்சான் அடுத்தமுறை வரும்போது அதே வடிசாலையின் ஓட்ஸ் விஸ்கி கிடைத்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். போயா தினமாகப் பார்த்து வந்து இறங்கினால் இன்னும் நல்லது, மதுக்கடைகள் பூட்டியிருக்கும், வள்ளக்காரர் ஜிஞ்சர் பியரோடு வேறு எதையும் வாங்கிக்கொண்டு வரமாட்டார்.